அல்லித் தொட்டித் தண்ணீர் பச்சையானால்

மாடியில் அல்லித் தொட்டி வைத்த முதல் மூன்று நாள், அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணலாம். ஐந்தாம் நாள் தண்ணீரில் லேசாகப் பச்சை தட்டும். பத்தாம் நாள் பார்த்தால் புதினாச் சட்னியைக் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கும். உள்ளே விட்ட கப்பி மீன்கள் இருக்கின்றனவா, போய்விட்டனவா என்றே தெரியாது. உடனே தொட்டியைக் கவிழ்த்து, நார் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் பிடிப்பார்கள். பத்து நாளில் அதே பச்சை திரும்ப வரும். பச்சை தீராமல் இழுத்துக்கொண்டே போகிற தொட்டிகளை விசாரித்தால், காரணம் பெரும்பாலும் இந்தக் கழுவலில்தான் போய் நிற்கும்.

ஏன் என்று புரிய, தொட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பந்தியில் முதலில் உட்காருவது யார்?

பாசி வளர வெயில் வேண்டும், நைட்ரஜன் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும். வெயிலுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. மற்ற இரண்டையும் நாம்தான் கொண்டுபோய்க் கொட்டுகிறோம்: மீனுக்குப் போடும் தீனி, செடிக்கு வைக்கும் உரம், மண்ணில் கலந்த சாணம், விழுந்து அழுகும் வேப்பிலை, சில இடங்களில் போர்த் தண்ணீரிலேயே கரைந்து வரும் நைட்ரேட்.

மீன் தின்ற தீனியில் உள்ள புரதம் அம்மோனியாவாக அதன் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. அம்மோனியா மீனுக்கு விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டைச் செடிகள் இழுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதைவிட, தொட்டிச் சுவர், கல், செடியின் வேர், ஃபில்டர் பஞ்சு ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு வாழ்வதே அதிகம். அவை ஊன்றிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். புதிதாக நட்ட அல்லி வேர் பிடித்து இலை விரிக்கவும் ஏறக்குறைய அதே காலம்தான்.

ஆக, முதல் ஒரு மாதத்துக்கு இலை போட்டுச் சோறு பரிமாறியாயிற்று, வரவேண்டிய விருந்தாளிகள் இன்னும் வரவில்லை. ஒற்றைச் செல் பாசி நல்ல வெயிலில் ஒரே நாளில் இரட்டிப்பாகக்கூடியது. அது வந்து உட்கார்ந்துவிடும். செடிகளும் பாக்டீரியாக்களும் வந்து சேர்ந்தபின் தீனிக்குப் போட்டி வரும், பச்சை தானாகவே இறங்கும். தொட்டியைத் தேய்த்துக் கழுவும்போது நாம் துரத்துவது அந்த விருந்தாளிகளை. பாசியோ காற்றில், செடியின் இலையில், அடுத்த வாளித் தண்ணீரில் என எங்கிருந்தாவது வந்துவிடும்.

புதுத் தொட்டி பச்சையாவது நோய் அல்ல. வண்ண மீன் வளர்ப்பவர்கள் (கொளத்தூரில் அது பெரிய தொழில்) குஞ்சுத் தொட்டியில் இளம்பச்சைத் தண்ணீரை விரும்பியே வைப்பார்கள். குஞ்சுகள் தின்னும் நுண்ணுயிர்கள் அதில்தான் பெருகும்.

எந்தப் பாசி என்று முதலில் பாருங்கள்

ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, அசையாமல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது வெறும் கலங்கல். மீன் மண்ணைக் கிளறுகிறது, அல்லது தொட்டி மண்ணின் மேல் மணல் போடவில்லை. தண்ணீர் தேநீர் நிறத்தில் தெளிவாக இருந்தால் காய்ந்த இலையின் சாறு, கெடுதல் இல்லை. பச்சை அப்படியே தண்ணீரில் விரவி நின்றாலோ, மெல்ல அடியில் இறங்கினாலோ சாதாரணப் பச்சைப்பாசி. பச்சை முழுக்க மேலேறி, விளிம்பில் வளையம் கட்டியிருந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம்.

கடைசி வகையைத்தான் கவனிக்க வேண்டும். பெயரில் பாசி என்றாலும் அது உண்மையில் பாக்டீரியா இனம். மேலே பெயின்ட் கொட்டியதுபோல் படலம் கட்டும். மக்கிய வாடை அடிக்கும். குச்சியால் தொட்டால் நூலாக வராமல் குழம்பாகக் கரையும். அதில் சில வகைகள் நச்சு சுரக்கும். நாய், பூனை அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். கையுறை இல்லாமல் அளையாதீர்கள். அசையாத, அதிகம் உரமேறிய, சூடான தண்ணீரில்தான் இது தலையெடுக்கும். இந்த ஒன்றுக்கு மட்டும், படலத்தை வழித்தெடுத்துவிட்டு பாதித் தண்ணீரை உடனே மாற்றுவது சரி.

குச்சியில் தலைமுடிபோல் சுற்றிக்கொண்டு வந்தால் நூல்பாசி. தொட்டிச் சுவரில் வெல்வெட் மாதிரி ஒட்டியிருக்கும் வழவழப்பை விட்டுவிடுங்கள். அது அழுக்கு அல்ல, உங்கள் ஃபில்டர். நத்தைகளுக்கும் அதுதான் சாப்பாடு.

மேலே மிதக்கும் சின்னச் சின்ன வட்ட இலைகளையும், அடியில் கொடியாக வளரும் வேலம்பாசியையும் பலர் பாசிக் கணக்கில் சேர்ப்பார்கள். இரண்டும் செடிகள், பாசியின் தீனியைப் பங்குபோடுபவை. அளவோடு வைத்துக்கொள்ளலாம்.

தொட்டியின் அளவும் பச்சையின் அளவும்

எத்தனை லிட்டர் என்று தெரியாமல் எதையும் செய்ய முடியாது. நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் அடிக் கணக்கில் அளந்து பெருக்கி, 28-ஆல் பெருக்குங்கள். 4 அடிக்கு 3 அடி, 1½ அடி ஆழம் என்றால் 18 கன அடி, சுமார் 500 லிட்டர். 2 அடி விட்டமும் 1 அடி தண்ணீரும் உள்ள வட்டத் தொட்டி 90 லிட்டர்தான். பார்வைக்குப் பெரிதாகத் தெரியும். கையில் மிஞ்சுவது நான்கைந்து வாளி.

பச்சையின் அளவுக்கு ஒரு வெள்ளைச் சாஸரில் நூல் கட்டி மெல்ல இறக்குங்கள். ஓர் அடி ஆழத்திலும் தெரிந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். அரை அடிக்குள் மறைந்தால்தான் தலையிட வேண்டும். வாரம் ஒருமுறை அதே நேரத்தில் அளந்து காலண்டரில் குறித்தால் பச்சை ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். கண்ணை நம்பினால் தினமும் ஏறுவதுபோலவே இருக்கும்.

உரம்: தொட்டி கெடும் இடம்

அல்லிக்கும் தாமரைக்கும் சென்னையில் பெரும்பாலும் டிஏபி (நைட்ரஜனும் பாஸ்பரஸும் உள்ள குருணை உரம்) வைப்பார்கள். செடிக்கு நல்லதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். அரை டீஸ்பூன் டிஏபி ஏறக்குறைய 2½ கிராம். அதில் அரை கிராம் சுத்த பாஸ்பரஸ். அது 90 லிட்டர் தொட்டியில் கரைந்தால் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டும். தண்ணீர் பச்சையாக 0.1 மில்லிகிராமே தாராளம். மண்ணுக்குள் போகவேண்டிய குருணை தவறி மேலே சிந்தினால், பாசிக்கு ஐம்பது மடங்கு தீனி போட்டாயிற்று. அடுத்த நான்கு நாளில் கண் முன்னே பலன் தெரியும்.

எனவே குருணையைக் கையால் தூவவே கூடாது. செய்தித்தாளில் சுண்டல் பொட்டலம்போல் மடித்து, தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, மண்ணில் மூன்று அங்குல ஆழத்துக்கு விரலால் அழுத்துங்கள். விரலை எடுத்ததும் குழி திறந்தே இருக்கும். அதை மண்ணால் அடைத்து அழுத்த மறப்பவர்கள்தான் அதிகம். தாள் ஊறிக் கிழிந்ததும் உரம் அந்தக் குழி வழியாகத்தான் மேலே வரும். மாதம் ஒருமுறை, நடுத்தரச் சட்டிக்கு அரை டீஸ்பூன் போதும். மிதக்கும் இலை நான்கைந்து வந்தபிறகே தொடங்குங்கள். அதற்கு முன் உறிஞ்ச வேர் இருக்காது.

மண் கலவையில் சாணம், மண்புழு உரம் சேர்ப்பதானால் அடியில் இரண்டு அங்குலம், அதற்கு மேல் வெறும் செம்மண்ணோ களிமண்ணோ நான்கு அங்குலம், அதற்கு மேல் நன்றாகக் கழுவிய மணல் ஓர் அங்குலம். எம்-சாண்ட் என்றால் ஏழெட்டுத் தண்ணீர் கழுவ வேண்டும். அந்தக் கல்தூள் லேசில் தெளியாது. தென்னைநார்த் தூள் கலந்த ரெடிமேட் மண் வேண்டவே வேண்டாம். நார் மிதந்து வெளியே வரும், அதோடு சேர்ந்து உரமும் வரும்.

மீன், தீனி

கொசுப்புழுவுக்காகக் கப்பி விட்டிருந்தால், தீனியே போடத் தேவையில்லை. புழு, பாசி, இலையில் ஒட்டிய நுண்ணுயிர் அதற்குப் போதும். தீனி போடுவதில் ஆசை என்றால், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒருமுறை. மூன்றாம் நிமிடம் மிதப்பது எல்லாம் பாசிக்கு.

90 லிட்டருக்கு ஐந்தாறு கப்பியில் ஆரம்பியுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் முப்பது ஆகிவிடும். உபரியை அக்கம்பக்கத்துத் தொட்டிக்குக் கொடுங்கள், ஏரியில் விடாதீர்கள். கோய் மீன் இந்த அளவுத் தொட்டிக்கு ஆகாது. அது வளர்வதற்கும் கழிப்பதற்கும் சிமென்ட் குளமும் முறையான ஃபில்டரும் வேண்டும்.

வெயிலை மறைப்பது

தண்ணீரின் மேற்பரப்பில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு இலையால் மூடியிருந்தால் பச்சை நிற்காது. சிக்கல் என்னவென்றால், அல்லிக்கே ஐந்து மணி நேர வெயில் வேண்டும், தாமரைக்கு அதற்கும் மேல். நிழலில் கொண்டுபோய் வைத்தால் பாசியோடு பூவும் போகும். காலை வெயில் முழுக்கப் பட்டு, இரண்டு மணிக்குமேல் சுவர் நிழல் விழும் இடம் கிடைத்தால் அதைவிட நல்ல இடமில்லை. கிடைக்காவிட்டால் கத்திரி வெயில் முடியும்வரை மேற்குப் பக்கம் மட்டும் 50 சதவீத பச்சை வலை கட்டுங்கள்.

அல்லி இலை விரியும்வரை தற்காலிகமாக எதையாவது மிதக்க விடலாம். நர்சரியில் ஆகாயத்தாமரை என்று கேட்டால் இரண்டில் ஒன்று கொடுப்பார்கள்: முட்டைக்கோஸ் போன்ற ரோஜா அடுக்கு இலை, அல்லது ஊதாப் பூவும் உப்பிய தண்டுமாக இருக்கும் வெங்காயத்தாமரை. முதலாவது தொட்டிக்கு அடக்கமானது. இரண்டுமே தண்ணீரிலிருந்து நேராகச் சத்தை உறிஞ்சும். ஆனால் உறிஞ்சிய சத்து தொட்டியை விட்டு வெளியேறுவது, நீங்கள் அந்தச் செடியை எடுத்துப் போடும்போதுதான். வாரம் ஒருமுறை பெருகியதில் பாதியை எடுத்து உரக்குழியில் போடுங்கள். அழுக விட்டால் உறிஞ்சியதெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வரும். கால்வாயிலோ ஏரியிலோ வீசுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடையாற்றில் மண்டிக் கிடப்பதைப் பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

சென்னைத் தண்ணீரின் கணக்கு

மே மாதம் திறந்த மாடியில் 2 அடித் தொட்டியிலிருந்து நாளுக்கு இரண்டு லிட்டர் வரை ஆவியாகிவிடும். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அப்படியே தங்கும். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) 1000 உள்ள போர்த் தண்ணீரைத் தினமும் இரண்டு லிட்டர் ஊற்றிக்கொண்டே வந்தால் 45 நாளில் ஒரு முழுத் தொட்டி அளவு ஊற்றியிருப்பீர்கள். உள்ளே டிடிஎஸ் 2000-ஐத் தொட்டிருக்கும். சுவரில் வெள்ளைக் கோடு படிவதும், அல்லி இலை ஓரம் கருகுவதும் அதனால்தான். ஆர்ஓ கழிவுத் தண்ணீரை ஊற்றுவது இந்தக் கணக்கை இன்னும் வேகமாக்கும். அதை மாப் போட வைத்துக்கொள்ளுங்கள்.

வழி இதுதான்: வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கை அடியிலிருந்து டியூப் வைத்து உறிஞ்சி எடுத்து, அதே அளவு புதுத் தண்ணீர். 90 லிட்டருக்கு ஒரு பெரிய வாளி. எடுத்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு அருமையான உரம். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள். லாரித் தண்ணீர் என்றால் ஒவ்வொரு லோடும் ஒரு மாதிரி. டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவைப்பது வீண்போகாது. சேர்த்துவைத்த மழைத்தண்ணீர் கிடைத்தால் அதுதான் முதல் தரம்.

புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசியும். நிரப்பி ஐந்து நாள் வைத்து வெளியேற்றுவதை மூன்று முறை செய்தபிறகே செடியும் மீனும்.

விடியற்காலை மூச்சுத் திணறல்

பச்சைத் தண்ணீர் பகலில் பிராணவாயுவைக் கொடுக்கும், இரவில் எடுத்துக்கொள்ளும். விடிவதற்கு முன் அளவு மிகக் கீழே இருக்கும். ஐந்தரை மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள்: மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால் அதுதான். எட்டு மணிக்குப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் நீந்தும். சூடான தண்ணீர் பிராணவாயுவைக் குறைவாகவே பிடித்துவைக்கும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம் என்றால், 35 டிகிரியில் 7-க்கும் கீழே. கடும் பச்சைத் தொட்டியில் இரண்டு மூன்று நாள் மேகமூட்டம் வந்தால், பாசி கூட்டமாகச் செத்து அழுகும். தண்ணீர் திடீரெனப் பழுப்பாகும், ஒரே ராத்திரியில் மீன்கள் மிதக்கும். தண்ணீர் தெளிகிறது என்று சந்தோஷப்படும் நேரம் அல்ல அது. உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, ஏர் பம்ப் போடுங்கள். ஏர் பம்ப்பை இரவில் ஓட விட்டாலே போதும்.

நூல்பாசியைக் கையால்தான் எடுக்க வேண்டும்

சொரசொரப்பான குச்சியையோ பாட்டில் பிரஷ்ஷையோ விட்டு, ஒரே பக்கமாகத் திருகுங்கள். முறுக்கிக்கொண்டு மொத்தமாக வரும். இழுக்கும்போது அல்லித் தண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்ததை ஒரு தட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் அலசி வைத்தால், உள்ளே மாட்டிய கப்பிக் குஞ்சுகள் நீந்தி வெளியே வரும். நூல்பாசி மட்டும் வருகிறது, தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது என்றால் பெரிய பிரச்சினை இல்லை. வாரம் ஐந்து நிமிட வேலை.

ஃபில்டரும் யூவி விளக்கும்

90 லிட்டர் தொட்டிக்குத் தேவையில்லை. 500 லிட்டருக்கு மேல், கோய் அல்லது தங்கமீன் இருந்தால் தேவை. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்தத் தண்ணீரும் ஃபில்டர் வழியே சுற்றி வர வேண்டும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

யூவி (புற ஊதா) விளக்கு பச்சைத் தண்ணீரை ஒன்றிரண்டு வாரத்தில் தெளிய வைக்கும். நூல்பாசியை ஒன்றும் செய்யாது. அது விளக்கின் வழியே போகவே போகாது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் தொடர்ந்து ஓடினால் ஒரு வருடத்தில் அதன் வீரியம் இறங்கிவிடும். நம் கடினத் தண்ணீரில் கண்ணாடிக் குழாய் மேல் உப்புப் படிந்து ஒளியை மறைப்பது இன்னும் சீக்கிரம் நடக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி எலுமிச்சைச் சாறோ வினிகரோ போட்டுத் துடையுங்கள். எரியும் விளக்கை நேராகப் பார்க்காதீர்கள். பம்ப், விளக்கு எதுவானாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகத்தான் இணைப்பு. ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே போக வேண்டும், அப்போதுதான் ஒயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டும். தண்ணீரில் கை வைக்குமுன் சுவிட்சை அணையுங்கள்.

மயில்துத்தம் வேண்டாம்

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பாசியைக் கொல்வது உண்மைதான். அதற்குச் சொல்லப்படும் அளவு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள். 90 லிட்டருக்கு 90 மில்லிகிராம். இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்தாலே அதைப்போல் மூன்று நான்கு மடங்கு வந்துவிடும். வீட்டுத் தராசில் அளக்க வழியில்லை. நத்தை முதலில் போகும், அடுத்து மீன். தப்பித்தவறி அளவு சரியாக இருந்தாலும், செத்த பாசி அழுகி பிராணவாயுவைக் குடிக்கும். சத்து திரும்பத் தண்ணீரில். அடுத்த பச்சை தயார். பிளீச்சிங் பவுடருக்கும் இதே பதில்தான். வெளிநாட்டில் பார்லி வைக்கோல் போடுகிறார்கள் என்று படித்துவிட்டு நம் நெல் வைக்கோலைச் சின்னத் தொட்டியில் திணிப்பவர்களும் உண்டு. இந்தச் சூட்டில் அது அழுகி நாறுவதுதான் மிச்சம்.

மழைக்காலம்

அக்டோபர் பிறக்குமுன் மூன்று வேலை. மாடித் தண்ணீர் வடியும் குழாயின் வாய் தொட்டியைப் பார்த்து இருக்கக் கூடாது. முதல் மழையில் ஆறு மாதத் தூசும் புறா எச்சமும் அதில்தான் இறங்கும். விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே ஒரு துளை போட்டு வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் பெருமழையில் மீன்கள் மாடித் தரையில் கிடக்கும். உரம் வைப்பதை நிறுத்துங்கள். வெயில் குறைந்த நாட்களில் செடி உறிஞ்சாது.

கொசு விஷயத்தில் பச்சைத் தண்ணீர் எந்தப் பாதுகாப்பும் தராது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை பொரிந்து பறக்க நம் சூட்டில் ஒரு வாரம், பத்து நாள் போதும். மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வருபவர்கள் முதலில் டார்ச் அடிப்பதும் இந்த மாதிரித் தொட்டிகளில்தான். கப்பி இருக்கும் தொட்டியில் புழு தங்காது. ஆனால் நூல்பாசி அடர்ந்த மூலையிலும், அல்லி இலை மடிப்பிலும், தொட்டிக்குக் கீழே வைத்த தட்டிலும் மீன் எட்டாது. வாரம் ஒருமுறை அந்த மூன்று இடத்தையும் கையால் கலைத்துவிட்டு, தட்டைக் கவிழ்த்து வையுங்கள்.